கட்டடச் செலவும் இடர்க் கணக்கும்

ஒரு கட்டடத்திற்கு என்ன செலவாகும் என்று கேட்டால், ஒரே எண்ணை விடையாகச் சொல்லுவது வழக்கம். கேட்பவரும் அதனையே விரும்புகிறார். உண்மையில் அவ்வெண், குறைந்தது இவ்வளவு, மிகுந்தது இவ்வளவு என்னும் ஓர் எல்லைக்குள் எங்கோ நிற்பதாகும். வரைபடம் முற்றுப்பெறப்பெற அவ்வெல்லை சுருங்கும். வரைபடம் முடியுமுன் சொல்லப்படும் எண் பெரும்பாலும் ஊகமே.

ஆஸ்திரேலியாவின் சிட்னி ஆப்பரா மாளிகை இதற்கு நல்ல சான்று. 1957இல் அதற்கென நடந்த போட்டியில் டென்மார்க்கு நாட்டுக் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் பரிசு பெற்றார். அவர் வரைந்த சிப்பி போன்ற கூரைகள் கண்ணைக் கவர்ந்தன. ஆனால் அவ்வளைவுகள் எந்தக் கணித வடிவத்திலும் அடங்கவில்லை. அவற்றைக் கட்டும் வழியும் அப்போது புலப்படவில்லை. அவ்வாறிருந்தும் 35 லட்சம் பவுன், அதாவது பின்னாளைய நாணயத்தில் 70 லட்சம் டாலர், என்று மதிப்பிட்டார்கள். 1963 ஜனவரியில் வேலை முடியும் என்றும் குறித்தார்கள்.

பொதுமக்கள் கருத்து மாறிவிடுமோ, பணம் நின்றுவிடுமோ என்று மாநில அரசு அஞ்சியது. வரைபடம் முடியுமுன்பே 1959 மார்ச்சில் வேலையைத் தொடங்கச் செய்தது. கூரையின் எடை தெரியாமலே அடிமேடையின் தூண்கள் எழும்பின. கூரைகள் அனைத்தையும் ஒரே கோளத்தின் துண்டுகளாக அமைக்கலாம் என்னும் தீர்வு 1961இல்தான் கிடைத்தது. அக்கூரையைத் தாங்கும் வலிமை முன்னே கட்டிய தூண்களுக்கு இல்லை. அவற்றை மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. அவசரத்தால் மிஞ்சிய காலம் ஒன்றுமில்லை என்றே நான் கருதுகிறேன்.

இனி, இத்தகைய இடரைக் கணக்கிடுவது எவ்வாறு? பொறியியல் பயிலும் நண்பர்களுக்கு இது பழகிய கணக்கு, ஏனையோருக்காகச் சொல்கிறேன். விடுதி ஒன்றுக்கு அடித்தளம் தோண்டும்போது பாறை தட்டுப்பட நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு, தட்டுப்பட்டால் 8 லட்சம் ரூபாய் மிகைச் செலவாகும் என்று கொள்வோம். நான்கில் ஒன்றை 8 லட்சத்தால் பெருக்கினால் 2 லட்சம். அத்தொகையை எதிர்பாராச் செலவு என்று ஒதுக்கி வைப்பார்கள். நூறு விடுதிகள் கட்டும் அரசுத் துறைக்கு இக்கணக்கு ஏறக்குறைய ஒத்துவரும். ஒரே விடுதி கட்டும் சங்கத்துக்கோ நேர்வது இரண்டில் ஒன்றுதான்: மிகைச் செலவே இராது, அல்லது 8 லட்சம் ஆகும். 2 லட்சம் என்பது ஒருநாளும் நேராது. ஆகவே அச்சங்கம் முதற்கண் செய்யவேண்டியது, சிறிது பணம் செலவிட்டு மண்ணைத் துளையிட்டுப் பார்ப்பது. பாறை இருப்பது தெரிந்தால் இடத்தை மாற்றலாம். அல்லது கட்டத் தொடங்குமுன்பே 8 லட்சத்தைத் தேடிக்கொள்ளலாம். சிட்னியில் கூரையின் வரைபடத்துக்குக் காத்திருப்பதே அத்தகைய துளையாக இருந்திருக்கும்.

துளையிட்டும் அறிய முடியாத இடர் ஒன்றுண்டு. அது கட்டச் சொன்னவர் மனம் மாறுவது. புதிய அரசுடன் ஏற்பட்ட பூசலால் 1966இல் உட்சன் விலகினார். இசைக் கச்சேரிக்கும் ஆப்பராவுக்கும் பொதுவாக எண்ணியிருந்த பெரிய மண்டபம், பிறகு கச்சேரிக்கு மட்டும் என மாற்றப்பட்டது. அதனுள் முன்பே பொருத்தியிருந்த மேடை இயந்திரங்களைக் கழற்றி எறிந்தார்கள். மாளிகை 1973 அக்டோபரில் திறக்கப்பட்டபோது மொத்தச் செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர். அதில் பெரும்பகுதி லாட்டரிச் சீட்டு விற்றுத் திரட்டிய பணம்.