மாற்றுவிசையும் தமிழ் எழுத்துகளும்: இயங்குதள அமைப்புகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தானாக எழுத்தைத் தராது, பிற விசையோடு சேர்ந்து அதன் பயனை மாற்றுவது மாற்றுவிசை. ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட் ஆகியன இவ்வகையின. இவற்றை அமைத்துக்கொள்ளுதல் கணினி நுட்பம் சார்ந்த செய்தியாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆயினும், ஓர் எழுத்தை ஷிஃப்ட் விசையின்கீழ் வைப்பதில் அவ்வெழுத்து அருகியே வரும் என்னும் கணிப்பு அடங்கியுள்ளது. அக்கணிப்பு தமிழுக்குப் பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது.

1991ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தில் இடம்பெற்ற இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை இந்திய மொழிகளுக்குப் பொதுவானது; இணையான எழுத்துகளுக்கு எல்லா மொழிகளிலும் ஒரே இடம் என்பது அதன் அடிப்படை. தேவநாகரிக்கு ஏற்ற இட அமைவைத் தமிழும் ஏற்க நேர்ந்ததால் ண, ள, ழ, ற, ன ஆகிய ஐந்தும் ஷிஃப்ட் துணையின்றி வாரா. ஜ, ஸ, ஹ ஆகியன நேரடியாக வரும். நெடுங்கணக்கில் ழ, ள, ற, ன என்பன இறுதியில் நிற்பினும் வழக்கில் அவை அருகியன அல்ல. ஆண்பால் ஈற்றுக்கு னகர ஒற்றும் பெண்பால் ஈற்றுக்கு ளகர ஒற்றும் வேண்டுமன்றோ? 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 இந்நிலையைத் தலைகீழாக்கியது. அதில் ஷிஃப்ட் கிரந்த எழுத்துகளுக்கு உரியது. ‘நன்று’ என எழுத இன்ஸ்கிரிப்டில் ஐந்து எழுத்துவிசைகளும் இருமுறை ஷிஃப்டும் தேவை. தமிழ்99இல் நான்கு விசைகள் போதும். னகரத்தை அடுத்து றகரம் வரின் புள்ளி தானே அமையும்.

இன்ஸ்கிரிப்டில் பழகியவர் இச்சுமையை இயங்குதள அமைப்பால் குறைக்க இயலுமா? மேக் இயங்குதளத்தின் விசைப்பலகை அமைப்பில் கேப்ஸ் லாக், கண்ட்ரோல், ஆப்ஷன், கமாண்ட் ஆகியவற்றை இடம் மாற்றலாம். அப்பட்டியலில் ஷிஃப்ட் இல்லை. விண்டோஸில் பதிவேட்டின் வழியாகக் கேப்ஸ் லாக்கை மற்றொரு ஷிஃப்டாக ஆக்கலாம். ஆனால் அம்மாற்றம் மறுதொடக்கத்திற்குப் பின்னரே நடைமுறைக்கு வரும்; அக்கணினியைப் பயன்படுத்துவோர் அனைவரையும் அது கட்டுப்படுத்தும். துறை நூலகத்துப் பொதுக்கணினிக்கு இது ஒவ்வாது. லினக்ஸின் எக்ஸ்கேபி எழுத்தமைவையும் மாற்றுவிசை விருப்பங்களையும் தனித்தனியே கையாள்கிறது. இம்மூன்றனுள் இதுவே நெகிழ்வுடையது. எனினும் முன்னெழுத்தை நோக்கிப் புள்ளியிடும் தமிழ்99இன் விதி எக்ஸ்கேபியின் நிலையான அட்டவணையில் அடங்காது. அதற்கு ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறை தனியே வேண்டும்.

இரு விசைகளை ஒருசேர அழுத்த இயலாதோர்க்கு ‘ஸ்டிக்கி கீஸ்’ வசதி மூன்று தளங்களிலும் உண்டு. ஷிஃப்டை அழுத்தி விடுத்தபின் எழுத்தை அழுத்தலாம். இவ்வசதியால் கை இணைப்பு நீங்குமேயன்றி அழுத்தங்களின் எண்ணிக்கை குறையாது. இன்ஸ்கிரிப்டில் ஒவ்வொரு றகரமும் னகரமும் அவர்க்கு இரண்டு அழுத்தங்களே.

எனவே தட்டச்சு வேகத்தை ஒப்பிடும் ஆய்வுகள் விசைப்பலகையின் பெயரை மட்டும் சுட்டி அமைதல் போதாது. எந்த இயங்குதளம், எவ்விசை எவ்விடத்திற்கு மாற்றப்பட்டது, ஷிஃப்ட் அழுத்தங்கள் தனியே எண்ணப்பட்டனவா என்பனவும் தரவோடு இடம்பெற வேண்டும்.