மலையேறும் நாள்

வத்தலக்குண்டு

அன்புள்ள மருமகள் கயலுக்கு,

மாமா எழுதுவது. போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுத்து. பேரன் இதைப் படமெடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவான்.

தை பிறந்ததும் நீ ஒருத்தியாக மதுரையில் இறங்கி, ஒருத்தியாகவே கொடைக்கானல் போகப்போகிறாய் என்று சொல்லி உன் அம்மா அழுதாள். பத்து வயதில் நார்வேக்குப் போன பிள்ளை இருபத்துநாலு வயதில் தானாக வழி கேட்டு வருகிறது, இதில் அழ என்ன இருக்கிறது என்று அதட்டிவிட்டேன். மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். அதுவரை உன் வழிக்கு வர மாட்டேன். ஆனால் அந்த முதல் நாளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. முப்பது வருஷம் அந்த ரோட்டில் பஸ் ஓட்டியவன்.

அன்றைக்கு உனக்கு ஒரே வேலைதான், ஏறுவது. தூண் பாறை, குணா குகை, கோக்கர்ஸ் வாக் என்று நீ குறித்து வைத்திருப்பதெல்லாம் மறுநாளும் அங்கேயேதான் இருக்கும். இறங்கின கையோடு ஓடிப் பார்ப்பவர்கள் பாதிப் பேர் மேகத்தைத்தான் பார்க்கிறார்கள். கோக்கர்ஸ் வாக்குக்குக் காலைதான் நேரம். மத்தியானத்துக்கு மேல் கீழேயிருந்து மூட்டம் ஏறி வந்துவிடும்.

டாக்ஸி வேண்டாம். 2024 மே மாதத்திலிருந்து மலையேறும் வண்டிக்கு இ-பாஸ் வாங்க வேண்டும். அரசு பஸ்ஸில் வந்தால் உனக்கு அந்தப் பாடு இல்லை. ஆரப்பாளையத்தில் காலை எட்டு மணிக்குள் ஏறிவிடு. முன்பாதியில் ஜன்னலோரம் உட்கார். வளைவில் திருப்பும்போது பின் சீட்டைத்தான் தூக்கி வீசும். ரெண்டு இட்லிக்கு மேல் சாப்பிடாதே. மலைப்பாதையில் போனைக் குனிந்து பார்க்காதே. கொண்டை ஊசி வளைவில் முதலில் வாந்தி எடுப்பது போன் பார்க்கிறவர்கள்தான். கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தால் நல்லது. மாத்திரையெல்லாம் அதற்கு அப்புறம்.

வத்தலக்குண்டு வரை வெயில், தென்னை, வாழை. காட்ரோட்டில் வண்டி மலைமேல் மூக்கை வைக்கும். டம்டம் பாறையில் கீழே மஞ்சளாறு அணை தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி தெரியும். எதிரே எலிவால் அருவி, 297 மீட்டர். தையில் நூல்போலத்தான் விழும், கண்ணை இடுக்கிப் பார். ஊத்து என்ற ஊரைத் தாண்டினால் காப்பித் தோட்டம், காது அடைக்கும், எச்சில் விழுங்கு. பெருமாள்மலை வந்ததும் கண்டக்டர் மப்ளரை எடுத்துச் சுற்றுவார். எனக்கு அதுதான் தெர்மாமீட்டர். காலையில் வியர்த்த உடம்பு மத்தியானத்துக்குள் ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஏறியிருக்கும். அதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டாமா?

இந்த ரோட்டில் மோட்டார் ஓடத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்னால் பெரியகுளம் பக்கத்திலிருந்து டோலியில்தான் ஏறினார்கள். காய்ச்சலுக்குப் பயந்து மதுரையிலிருந்து வந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845இல் முதல் ரெண்டு பங்களாக்களை மேலே கட்டினார்கள். அவர்களைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. தோளில் சுமந்து ஏறியவர்களின் பெயரை ஒரு பலகையிலும் நான் பார்த்ததில்லை. எனக்கு இது எப்போதும் உறுத்தும், விடு.

வெயில் நாடு என்று உன் அம்மா பருத்திச் சட்டையாக அடுக்குகிறாளாமே. நார்வேக்காரிக்குக் கொடைக்கானல் குளிர் ஒரு குளிரா என்று நீயும் சிரிப்பாய். உங்கள் ஊரில் குளிர் வெளியே, சூடு வீட்டுக்குள். இங்கே வெளியே எவ்வளவோ, போர்வைக்குப் பக்கத்திலும் அவ்வளவே. தை மாதத்தில் விடிகாலைப் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். கம்பளிச் சட்டை ஒன்று கைப்பையிலேயே இருக்கட்டும். ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கேள்: குளிர் என்று யாராவது அறைக்குள் கரி அடுப்பு கொண்டுவந்து வைத்தால் அப்போதே வெளியே எடுக்கச் சொல். மூடிய அறையில் அந்தக் கரியிலிருந்து வரும் விஷவாயுவுக்கு மணமே கிடையாது. தூக்கத்திலேயே ஆள் போயிருக்கிறார்கள், அந்த மலையிலேயே.

குளிர்கிறதே என்று பகல் வெயிலையும் நம்பாதே. அந்த உயரத்தில் காற்று சில்லென்று இருக்கும், மூக்குத் தோல் உரிந்துவிடும். தொப்பி போடு.

அப்புறம் இருட்டு. உங்கள் ஊரில் சூரியன் சாய்ந்த பிறகும் வெளிச்சம் போவேனா என்று நிற்கும். இங்கே நிலநடுக்கோட்டிலிருந்து பத்து டிகிரிதான். சூரியன் நேராக விழுந்து மறையும். தையில் ஏழு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். முதல் ராத்திரிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற தூரத்தில் அறை எடு. பொழுது சாய்ந்தால் காட்டுமாடு ஊருக்குள்ளேயே வரும், கடைவீதியில்கூட. சாது மாதிரிதான் நிற்கும். கன்று கூட இருந்தால் நடுவில் போகாதே, பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதே, வந்த வழியே பின்வாங்கு. அவசரப்பட்டு ஹாரன் அடித்த ஒரு வண்டியின் முன்கண்ணாடி என்ன ஆனது என்று நேரில் சொல்கிறேன்.

"காளான் வேணுமா?" என்று யாராவது காதோரம் கேட்டால் சமையலுக்கு என்று நினைத்துவிடாதே, அது போதைக்கு. பதில் சொல்லாமல் நட. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டு வா; பிளாஸ்டிக் பாட்டிலை வழியிலேயே பிடித்துவிடுவார்கள்.

சாயங்காலம் சூடாக ஒரு தோசை, ஒரு டீ. அம்மாவுக்கு ஒரு போன். படு. மறுநாள் உன் இஷ்டம்.

இன்னொன்று. வத்தலக்குண்டில் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு கிழவன் எலுமிச்சம்பழம் நீட்டினால் வாங்கிக்கொள். நீ எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று எனக்குச் சொல்ல கண்டக்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெரிந்த முகமாக இருந்தாலும் தெரியாத மாதிரியே இரு. நானும் அப்படியே நிற்பேன்.

இப்படிக்கு
உன் மாமா