சந்தாப் புத்தகசாலையில் புத்தகம் தேர்ந்தெடுக்கும் முறை

அங்கத்தினர் சந்தாவால் நடைபெறும் புத்தகசாலையில் பணம் எல்லோருக்கும் பொது. புத்தகமோ ஒரு சமயத்தில் ஒருவர் கையில்தான் இருக்கும். ஆகவே எதை வாங்குவது என்பதைக் காரியதரிசியின் சொந்த ருசிக்கு விட்டுவிடலாகாது.

இவ்விஷயத்தில் வழிகாட்டியவர் சீகாழியில் 1892-ம் வருஷம் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள். 1924-ல் சென்னைச் சர்வகலாசாலைப் புத்தகசாலையின் தலைமையை ஏற்ற இவர், 1931-ல் வெளியிட்ட நூலில் ஐந்து விதிகளை வகுத்தார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. புத்தகம் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. சிறிய புத்தகசாலையில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுவதுண்டு. பலர் விரும்புவதையே வாங்கினால் நாவல்கள் குவியும். நெற்பயிரின் குலைநோயைப் பற்றி அறிய வந்த குடியானவர் வெறுங்கையோடு திரும்புவார். ஒருவர் வற்புறுத்தியதற்காக விலையுயர்ந்த நூலை வாங்கினால், அது அலமாரியில் பூச்சிக்கு இரையாகும்.

இதற்குப் பரிகாரம் இரண்டு கணக்குகளில் இருக்கிறது. முதலாவது, புத்தகங்கள் வெளியே சென்று வந்த பதிவு. ஒரு வருஷமாக எவரும் தொடாத வகையில் மேலும் வாங்குவதற்குமுன் கமிட்டியார் யோசிக்க வேண்டும். இரண்டாவது, வேண்டுகோள் புத்தகம். எழுதத் தெரியாத அங்கத்தினர் வாயால் சொல்வதையும் அதில் பதிய வேண்டும்; இல்லாவிடில் படித்தவர் விருப்பமே ஊரார் விருப்பமாகிவிடும். தொகையில் ஒரு பகுதியைச் சிறுபான்மையோர் கேட்கும் தொழில் நூல்களுக்கும், பெண்கள், குழந்தைகள் கேட்பவற்றுக்கும் முன்னதாகவே ஒதுக்குவது நியாயம். பெரும்பான்மை வாக்கு எப்போதும் இவற்றைக் காப்பாற்றாது.

ஊரில் ஏற்கெனவே இருப்பது என்ன என்றும் விசாரிக்க வேண்டும். திருப்பனந்தாளில் காசிமடமும் அதன் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே படிக்கக் கிடைக்கும் சைவ நூல்களையே சந்தாப் பணத்தில் மறுபடியும் வாங்குவது வீண்செலவு. இடமும் பணமும் குறையக் குறையத் தேர்வில் கவனம் மிக வேண்டும். 1931-ல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் புத்தகம் கொண்டு சென்றவர்களுக்கு வண்டி கொண்ட அளவே அலமாரி.

வாங்கும் காலமும் முக்கியம். நடவு வேலையில் எவருக்கும் ஓய்வில்லை. சம்பா அறுவடை முடியுமுன் புதிய புத்தகங்கள் வந்து சேர்ந்தால் ஓய்வு நாட்களில் பயன்படும். கேட்டும் வாங்காத புத்தகத்தின் பெயருக்கு எதிரில், விலை அதிகம், வேறிடத்தில் கிடைக்கும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று காரணத்தைக் கமிட்டியார் குறிக்க வேண்டும். கேட்டவர் அதைப் பார்த்துச் சமாதானம் அடையலாம். அடையாவிடில் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்.