கசகசா விளையும் நாட்டில் வலிக்கு மருந்து

2025-ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் மும்பைக் காவல்துறையினர் மைசூருவில் மறைவாக இயங்கிவந்த மெஃபெட்ரோன் தயாரிப்புக் கூடம் ஒன்றைக் கண்டுபிடித்தனர். பல நூறு கோடி ரூபாய் மதிப்புள்ள போதைப்பொருள் பிடிபட்டதாக அறிவிக்கப்பட்டது. போதைப்பொருள் கொள்கை என்றாலே இத்தகைய சோதனைகளும் கைதுகளும்தாம் என்று பொதுமக்கள் எண்ணுவதில் வியப்பில்லை. ஆயினும் அதே சட்டத்திற்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதே மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் புற்றுநோயின் வலியால் உறங்காதிருக்கும் நோயாளிக்கு மார்ஃபின் மாத்திரை கிட்டுமா, கிட்டாதா என்பதையும் அச்சட்டமே தீர்மானிக்கிறது. இப்பக்கம் செய்தித்தாள்களில் இடம்பெறுவதில்லை.

போதை மருந்துகளைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 1961-இல் செய்துகொண்ட உடன்படிக்கை, தன் முகவுரையிலேயே இரண்டு கடமைகளை வைக்கிறது. தவறான பயன்பாட்டைத் தடுப்பது ஒன்று. வலியைத் தணிப்பதற்கு இம்மருந்துகள் இன்றியமையாதவை என்பதை ஏற்று, அவை போதிய அளவில் கிடைக்கச் செய்வது மற்றொன்று. பெரும்பாலான வளரும் நாடுகள் முதற் கடமையை மட்டும் சட்டமாக்கின. இந்தியாவும் இதற்கு விலக்கன்று.

1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போதை மருந்துகள், மனமயக்கப் பொருள்கள் சட்டம் பல குற்றங்களுக்குக் குறைந்தது பத்தாண்டுக் கடுங்காவல் என விதித்தது. மருத்துவத் தேவைக்கான பயன்பாட்டை அச்சட்டம் தடுக்கவில்லை. அனுமதி வழங்கும் விதிமுறைகளை வகுக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. சிக்கல் தொடங்கியது இங்கேதான். ஒரு மருத்துவமனை சிறிதளவு மார்ஃபின் வாங்குவதற்கு, வைத்திருக்க ஓர் உரிமம், கொண்டுவர ஓர் உரிமம், வேறு மாநிலத்திலிருந்து வருமாயின் அங்கே ஏற்றுமதி உரிமம், இங்கே இறக்குமதி உரிமம் என நான்கைந்து உரிமங்கள் தேவைப்பட்டன. கடைசி உரிமம் கைக்கு வருமுன் முதல் உரிமம் காலாவதியாகிவிடும். பதிவேட்டில் எழுத்துப் பிழை நேர்ந்தாலும் சிறை செல்ல நேருமோ என்ற அச்சம் வேறு. மருந்துக்கடைகள் அதனை வைப்பதை நிறுத்தின, மருத்துவமனைகளும் நிறுத்தின.

விளைவு எண்களில் தெரிகிறது. 1985-க்குப் பின்னர் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 97 விழுக்காடு குறைந்து, 1997-இல் வெறும் 18 கிலோவாகியது. முற்றிய நிலைப் புற்றுநோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் வீதம் மூன்று மாதங்களுக்கு ஏழு கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே தேவை. இக்கணக்கின்படி 18 கிலோ ஏறத்தாழ 2,700 நோயாளிகளுக்குத்தான் போதும். ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் புற்றுநோய்க்கு ஆளாகும் நாட்டின் அன்றைய நிலை இது.

இதில் இன்னொரு முரண்பாடும் உண்டு. மார்ஃபின் எங்கிருந்தோ வரவேண்டிய பொருளன்று. நம் வீட்டுச் சமையலறையில் உள்ள கசகசாவைத் தரும் அதே செடியின் காய்ப்பாலே அபின். மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற உழவர்கள் அதனை விளைவிக்கின்றனர். காஜிப்பூரிலும் நீமுச்சிலும் உள்ள அரசு ஆலைகளில் அது பக்குவப்படுத்தப்படுகிறது. உலகின் மருந்துத் தொழிலுக்கு ஏற்றுமதியும் ஆகிறது. மாத்திரையின் விலையும் அதிகமன்று. பொருள் உண்டு, விலை குறைவு. இடையில் நின்றது காகிதமே.

ஆய்வு சொன்ன விடை

மார்ஃபினை நோயாளியின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அது கள்ளச்சந்தைக்குப் போய்விடாதா? கலால்துறை அதிகாரிகளின் இக்கேள்வி நேர்மையானதே. அதற்கு வாதத்தால் விடை கூற இயலாது. ஆய்வே விடை கூறவேண்டும். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் தொடங்கிய வலி, நோய்த்தணிப்புச் சிகிச்சை நிலையத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் டேவிட் ஜோரன்சன் குழுவினரும் இக்கேள்வியையே எடுத்துக்கொண்டனர். இரண்டாண்டுகளில் 1,723 நோயாளிகளுக்கு வீட்டிலிருந்தே உட்கொள்ளும்படி மார்ஃபின் வழங்கப்பட்டது. தவறான பயன்பாடோ, கைமாறியதோ ஒன்றுகூடக் கண்டறியப்படவில்லை. 2001-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் இதனை வெளியிட்டது. ஆய்வகமோ பெரும் பொருட்செலவோ தேவைப்படாத ஆய்வு இது. பதிவேடுகளை ஒழுங்காக வைத்துப் பின்தொடர்ந்ததே அதன் வலிமை. வளரும் நாடுகளின் கொள்கை ஆய்வுக்கு இதைவிடத் தக்க எடுத்துக்காட்டு அரிது.

எதிர்ப்பக்க எச்சரிக்கையையும் புறக்கணித்தல் கூடாது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவில் அபின்வகை மாத்திரைகளை மருந்து நிறுவனங்கள் வரம்பின்றி விளம்பரப்படுத்தியதால் விளைந்த உயிரிழப்புகள் உலகறிந்தவை. கட்டுப்பாடு வேண்டும். அது எந்த இடத்தில், எவர் கையில் என்பதே ஆராயத்தக்கது.

வலி நிவாரணம் சலுகையா, உரிமையா?

2009-இல் இவ்வினா பன்னாட்டு மன்றத்திற்குச் சென்றது. ஐக்கிய நாடுகளின் சித்திரவதை குறித்த சிறப்பு அறிக்கையாளர் மன்ஃபிரட் நோவாக், கடும் வலியுடைய நோயாளிக்கு நிவாரணம் கிடைக்காமற் செய்வது கொடூரமான, மனிதத்தன்மையற்ற நடத்தையாகும் என்ற கருத்தை மனித உரிமைக் குழுவின் முன் வைத்தார். அதே ஆண்டில் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியாவின் நிலையைப் பற்றியே தனி அறிக்கை வெளியிட்டது. 1985 சட்டத்தின் மற்றப் பிரிவுகளிலும் உரிமைச் சிக்கல்கள் உண்டு. போதைக்கு அடிமையானவர் தாமே சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறச் சட்டம் இடமளிப்பினும், அவ்வழி போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை. அது தனியே விரித்தெழுதவேண்டிய பொருள்.

நோய்த்தணிப்புச் சிகிச்சை அமைப்புகள் உச்ச நீதிமன்றம் வரை சென்று, நாடாளுமன்றத்தின் கதவையும் தட்டின. 2014 பிப்ரவரியில் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உள்ளிட்டவை ‘இன்றியமையாத போதை மருந்துகள்’ என வகைப்படுத்தப்பட்டு, அவற்றுக்கான விதிகளை நாடு முழுமைக்கும் மத்திய அரசே வகுக்கலாயிற்று. 2015 மே மாதத்து விதிகளின்படி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனத்திற்குப் பல துறைகளின் உரிமங்கள் வேண்டியதில்லை. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஓர் அனுமதி போதும். ஒவ்வோராண்டும் கணக்குக் காட்டவேண்டும்.

சட்டம் மாறியது, பழக்கம் அத்துணை எளிதில் மாறவில்லை. 1985-க்கும் 2014-க்கும் இடையில் பயின்ற மருத்துவர்களுள் பெரும்பாலோர் மார்ஃபினை வாய்வழி கொடுத்துப் பார்த்ததே இல்லை. நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறை சிறு அளவில் தொடங்கி, வலிக்கேற்ப உயர்த்தி, உடன் ஏற்படும் மலச்சிக்கலுக்கும் மருந்து கொடுப்பது என்னும் எளிய முறை பாடமாகவே அவர்களுக்குச் சென்று சேரவில்லை. இளநிலை மருத்துவப் பாடத்திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சை இடம்பெற்றது 2019-இல்தான். 2017-இல் லான்செட் ஆணையம் வெளியிட்ட மதிப்பீட்டில், வலி நிவாரணத் தேவையில் இந்தியாவில் நிறைவேறுவது சுமார் 4 விழுக்காடு மட்டுமே எனக் கணக்கிடப்பட்டிருந்தது.

மைசூருவின் கணக்கு

மைசூரு மாவட்டத்தில் இக்கேள்விக்கு ஒரு தனிக் கூர்மை உண்டு. பெரியபட்டணம், ஹுணசூரு, எச்.டி. கோட்டே வட்டங்கள் புகையிலைக்குப் பேர்போனவை. புகையிலை வாரியத்தின் ஏலக்கூடங்கள் அங்கு இயங்குகின்றன. இங்கு விளைவது சிகரெட்டுப் புகையிலை. வாய்ப்புற்றுக்குத் தலையாய காரணமோ மெல்லும் புகையிலையும் பாக்கும். எனினும் இச்செடிக்குச் சந்தை அமைத்துத் தரும் ஏற்பாடு, அது விளைவிக்கும் நோய்க்கான வலிமருந்தை ஊருக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டைவிட எவ்வளவோ முந்தியது என்பதைக் குறிப்பிடாமலிருக்க இயலாது.

நகரத்தில் நிலைமை ஓரளவு தேறியுள்ளது. புற்றுநோய் மருத்துவமனை உண்டு. 1924-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி உண்டு. அக்கல்லூரி மாணவர்கள் 1984-இல் தொடங்கிய சுவாமி விவேகானந்தா இளைஞர் இயக்கம் நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று நோய்த்தணிப்புச் சிகிச்சை அளித்துவருகிறது. ஆனால் எச்.டி. கோட்டேயிலிருந்து மைசூரு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். காட்டோரத்துச் சிற்றூர்கள் அதற்கும் அப்பால். நான்கு மணிக்கொரு முறை தேவைப்படும் மாத்திரைக்காக, எழுந்து நிற்க இயலாத ஒருவர் பேருந்தேறி நகரம் வருவது நடவாத காரியம். வட்ட மருத்துவமனைகளை அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களாக்க 2015 விதிகள் தடையாக இல்லை. விண்ணப்பம், பூட்டுடன் கூடிய அலமாரி, பதிவேடு, பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் ஆகியவை அமைந்தால், செவிலியர் மாதமிருமுறை மாத்திரையை வீட்டிற்கே கொண்டுசெல்லலாம். 2008-இல் தனிக் கொள்கை வகுத்த கேரளம், உள்ளாட்சி மன்றங்களின் துணையுடன் இப்பணியைச் செய்துகாட்டியிருக்கிறது. எச்.டி. கோட்டேயிலிருந்து கேரளத்து வயநாட்டு எல்லை, மைசூரு நகரத்தைவிட அதிகத் தொலைவில் இல்லை.