கிடங்கின் கதவு திறந்தது

1. படகில் இருவர்

அது 2026ஆம் ஆண்டு, ஜனவரி மாதம். கொச்சிக் காயலில் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. படகில் ஒரு பாட்டியும் பேத்தியும் இருந்தார்கள்.

பாட்டி கோட்டைக் கொச்சியில் துணி வெளுக்கும் தொழில் செய்பவர். வீட்டில் தமிழ் பேசுவார். கடைத்தெருவில் மலையாளம் பேசுவார். பேத்தி பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்கு ஓவியக் கல்லூரியில் சேர ஆசை.

அவள் அப்பாவுக்கு அதில் விருப்பம் இல்லை. "படம் வரைஞ்சா பசி ஆறுமா?" என்று கேட்டார். ஆனாலும் முடிவைப் பாட்டியிடம் விட்டுவிட்டார். காரணம் உண்டு. பேத்தியின் படிப்புக்கு என்று பாட்டி சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்து வைத்திருந்தார்.

"நீ ஒரு தடவை வந்து பாரு பாட்டி. பார்த்த பிறகு வேண்டாம்னு சொன்னா நான் கேட்டுக்கிறேன்" என்றாள் பேத்தி.

அதனால்தான் இந்தப் பயணம். படகு வெலிங்டன் தீவை நெருங்கியது. வரிசையாகப் பழைய கிடங்குகள் தெரிந்தன.

"உன் தாத்தா மூட்டை தூக்கின இடம் இது" என்றார் பாட்டி. "இங்கே என்ன படம் இருக்கப் போவுது?"

2. மனிதர் உண்டாக்கிய தீவு

வெலிங்டன் தீவின் பெரும்பகுதி இயற்கையாக உண்டானது அல்ல. மனிதர் உண்டாக்கியது.

முன்பு கொச்சித் துறைமுகத்தின் வாயிலில் பெரிய மணல்திட்டு இருந்தது. பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாது. அவை கடலிலேயே நிற்கும். சரக்கைப் படகில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். மழைக்காலத்தில் அது பெரும்பாடு.

அந்த நாளில் கோட்டைக் கொச்சி சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. சென்னை ஆளுநராக இருந்தவர் வெலிங்டன் பிரபு. 1920இல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் கொச்சிக்கு வந்தார். மணல்திட்டை வெட்டிக் கப்பலுக்கு வழி செய்தார். 1928 மே மாதம் 'பத்மா' என்ற கப்பல் உள்ளே வந்தது.

காயலைத் தோண்டி எடுத்த மண் என்ன ஆனது? வெண்டுருத்தி என்ற சிறிய தீவை ஒட்டி அதைக் கொட்டினார்கள். 700 ஏக்கருக்கு மேல் புதிய நிலம் உண்டானது. அதற்கு வெலிங்டன் தீவு என்று பெயர் வைத்தார்கள்.

ஆளுநரின் பெயர் தீவுக்கு வந்தது. பொறியாளரின் பெயர் புத்தகத்தில் வந்தது. மண் சுமந்தவர்களின் பெயர்களை இன்று யார் அறிவார்?

3. எறிந்த வில்லைகள்

துறைமுகம் வளர்ந்தது. கப்பல்கள் வந்தன. மூட்டை தூக்க ஆட்கள் வேண்டியிருந்தது. ஆனால் வேலை கொடுத்த முறை கொடுமையானது.

காலையில் தொழிலாளர்கள் கூட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் எறிவார். அந்த வில்லைக்குச் 'சாப்பா' என்று பெயர். சாப்பாவைப் பிடித்தவனுக்கு அன்று வேலை உண்டு. பிடிக்காதவனுக்குப் பட்டினி. ஏழைகள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு, அடித்துக்கொண்டு அதைப் பொறுக்கினார்கள்.

இந்த முறையை எதிர்த்துத் தொழிலாளர்கள் சங்கம் சேர்ந்து போராடினார்கள். 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பின்னாளில் சாப்பா முறை ஒழிந்தது.

இந்தக் கதை 2023இல் 'துறமுகம்' என்ற மலையாளத் திரைப்படமாக வந்தது. ராஜீவ் ரவி அதை இயக்கினார்.

4. கிடங்குகள் காலியாயின

மட்டாஞ்சேரி மிளகுக்கும் இஞ்சிக்கும் பெயர் பெற்ற ஊர். கரையோரம் எங்கும் கிடங்குகள். ஆனால் காலம் மாறியது. சரக்குகள் பெரிய இரும்புப் பெட்டிகளில் வரத் தொடங்கின. அவற்றைக் கண்டெய்னர் என்கிறோம். பாரந்தூக்கி இயந்திரம் அவற்றை இறக்கிவிடும். பல தோள்களுக்கு வேலை குறைந்தது.

2011இல் வல்லார்பாடம் தீவில் புதிய கண்டெய்னர் முனையம் திறந்தது. வெலிங்டன் தீவில் நடந்துவந்த கண்டெய்னர் வேலை அங்கே போனது. கிடங்குகள் பல சும்மா கிடந்தன.

5. கலை வந்தது

இந்த நேரத்தில்தான் கொச்சியில் புதிய விழா ஒன்று தொடங்கியது. அதன் பெயர் கொச்சி-முசிறிஸ் பினாலே. 'பினாலே' இத்தாலிய மொழிச் சொல். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடப்பது என்று பொருள். இத்தாலியில் வெனிஸ் நகரத்தில் 1895 முதல் இப்படி ஒரு கலைவிழா நடந்து வருகிறது. முசிறிஸ் என்பது சங்க காலத்து முசிறித் துறைமுகம்.

போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு ஓவியர்கள் இதைத் தொடங்கினார்கள். இருவரும் கேரளத்தில் பிறந்து மும்பையில் கலை படித்தவர்கள். கேரள அரசும் நிதி உதவி செய்தது. முதல் விழா 2012 டிசம்பர் 12ஆம் நாள் தொடங்கியது. கொரோனா நோயால் 2020இல் நடக்க வேண்டிய விழா 2022க்குத் தள்ளிப்போனது. ஆறாவது விழா 2025 டிசம்பர் 12இல் தொடங்கியது. அப்போது வெலிங்டன் தீவின் கிடங்கு ஒன்றும் கலைக்கூடம் ஆனது.

இந்த விழாவுக்குப் புதிய மாளிகை எதையும் கட்டவில்லை. பழைய கிடங்கைப் பெருக்கினார்கள். விளக்குப் போட்டார்கள். கதவைத் திறந்தார்கள்.

அங்கே வைப்பது சட்டம் போட்ட ஓவியம் மட்டும் அல்ல. 2012இல் ஷீலா கௌடா என்ற கலைஞர் என்ன வைத்தார் தெரியுமா? வீடுகளில் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆட்டுக்கல், அரைக்கும் கல். நூற்றுக்கும் மேற்பட்ட கற்கள்! மிக்சி வந்த பிறகு அந்தக் கற்கள் எங்கே போயின? அவற்றோடு சேர்ந்த பெண்களின் உழைப்பை யார் நினைத்தார்கள்? கற்கள் அதைக் கேட்டன.

கானா நாட்டுக் கலைஞர் இப்ராகிம் மகாமா பழைய சணல் சாக்குகளைத் தைத்துப் பெரிய திரைகள் ஆக்குபவர். அவருடைய படைப்பு ஒன்று ஆறாவது விழாவில் மட்டாஞ்சேரியின் பழைய கிடங்கில் இடம் பெற்றது. பாட்டிக்கு அதையும் காட்டினாள் பேத்தி. பாட்டி வெகுநேரம் சாக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன் தாத்தா சட்டையிலே இந்த வாசம்தான் இருக்கும்" என்றார்.

6. சுவர் இல்லாத பள்ளி

பினாலே ஒரு கல்லூரி அல்ல. ஆனால் கல்லூரி செய்ய வேண்டிய ஒரு வேலையை அது செய்கிறது. கலையை ஊருக்குள் கொண்டுவருகிறது. அதற்காகச் சில திட்டங்கள் உள்ளன.

ஒன்று, மாணவர் பினாலே. இது 2014இல் தொடங்கியது. நம் நாட்டில் அரசு கலைக் கல்லூரிகள் பல உள்ளன. அங்கே ஏழை வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நன்றாக வரைவார்கள், சிலை செய்வார்கள். ஆனால் பெரிய நகரத்துக் கலைக்கூடங்களில் அவர்களுக்கு இடம் கிடைப்பது அரிது. அதனால் இளம் ஒருங்கிணைப்பாளர்கள் கல்லூரிகளைத் தேடிப் போனார்கள். மாணவரோடு பேசினார்கள். அவர்களுடைய படைப்புகளை மட்டாஞ்சேரிக்குக் கொண்டுவந்தார்கள். உலகப் புகழ் பெற்ற கலைஞரின் படைப்பைப் பார்க்க வந்தவர்கள் மாணவரின் படைப்பையும் பார்த்தார்கள்.

இரண்டு, குழந்தைகளுக்கான கலைத் திட்டம். இதில் பள்ளிகளில் கலை அறைகள் அமைத்தார்கள். அங்கே மதிப்பெண் இல்லை. தப்பு, சரி இல்லை. மண், காகிதம், வண்ணம், இலை எல்லாம் கருவிகள். குழந்தை தன் கையால் செய்து பார்க்கும்.

மூன்று, பேச்சும் பட்டறையும். 2018இல் நான்காவது விழாவை அனிதா துபே என்ற பெண் கலைஞர் வடிவமைத்தார். பினாலேயில் அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவர். பங்கேற்ற கலைஞர்களிலும் பாதிக்கு மேல் பெண்கள். வந்தவர்கள் உட்கார்ந்து பேசவும் பாடவும் ஒரு மேடை வைத்தார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்ததே, நினைவிருக்கிறதா? 2019 ஜனவரியில் கலைஞர்கள் தங்கள் படைப்புகளை ஏலத்துக்குக் கொடுத்தார்கள். அதில் வந்த பணம் வெள்ள நிவாரணத்துக்குப் போனது. ஊர் தந்த இடத்துக்குக் கலை செய்த கைம்மாறு அது.

7. கயிறும் கலைதான்

"எல்லாம் சரி. இது நம்மைப் போல ஆளுக்கு எதுக்கு?" என்று பாட்டி கேட்டார்.

பேத்தி சிரித்தாள். "நீயும்தானே இதைச் செய்யறே பாட்டி" என்றாள்.

கோட்டைக் கொச்சியில் வேலி என்ற இடத்தில் ஒரு சலவைக்கூடம் உள்ளது. தோபி கானா என்று அதைச் சொல்வார்கள். அங்கே வெளுப்பவர்கள் தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தினர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுக்கத் தங்கள் முன்னோர் வந்ததாக அவர்கள் சொல்கிறார்கள். முன்பு குளங்களில் வெளுத்தார்கள். 1976இல் இந்தக் கூடம் கட்டப்பட்டது.

அங்கே துணி காயப்போடும் விதத்தைப் பார்க்க வேண்டும். கயிற்றில் ஒரு கிளிப்பும் இருக்காது. இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகுவார்கள். எவ்வளவு காற்று அடித்தாலும் துணி பறக்காது. துணியில் துருக்கறையும் படியாது.

"இதுக்குத்தான் கல்லூரியிலே வடிவமைப்புன்னு பேரு" என்றாள் பேத்தி. "ஒரு தொல்லை இருக்கு. கையிலே இருக்கிற பொருளை வச்சு அதைத் தீர்க்கணும். பார்க்கவும் நல்லா இருக்கணும். உன் கயிறு அதைச் செய்யுதே!"

பாட்டி பதில் சொல்லவில்லை. ஆனால் முகம் மலர்ந்தது.

8. பாட்டியின் கணக்கு

திரும்பும் வழியில் பாட்டி கேள்விகள் கேட்டார். நல்ல கேள்விகள்.

"எத்தனை வருசம் படிப்பு?"

"பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நாலு வருசம். நுண்கலைப் பட்டம்."

"எங்கே?"

"பக்கத்திலேயே இருக்கு. திருப்பூணித்துறையிலே ஆர்.எல்.வி. கல்லூரி. அரசுக் கல்லூரி. சென்னையிலேயும் கும்பகோணத்திலேயும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கு."

சென்னைக் கல்லூரி மிகப் பழையது. 1850இல் தொடங்கியது.

"படிச்சா என்ன வேலை?"

பேத்தி விரல் விட்டு எண்ணினாள். துணிக்கு வடிவம் போடலாம். புத்தகத்துக்கு அட்டைப்படம் வரையலாம். பொருள்களின் உறையை வடிவமைக்கலாம். பள்ளியில் ஓவிய ஆசிரியர் ஆகலாம். சினிமாவில் அரங்கம் அமைக்கலாம்.

"எல்லாருக்கும் வேலை கிடைச்சிருமா?"

"கிடைக்காது பாட்டி. பொய் சொல்ல மாட்டேன். உழைக்கணும். கூடி நிக்கணும்."

கூடி நின்றவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கே.சி.எஸ். பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். படித்து முடித்த மாணவர்கள் பலர் வருமானம் இல்லாமல் கலையை விடுவதைக் கண்டார். அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து 1966இல் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் நிலம் வாங்கினார்கள். துணியில் பாத்திக் ஓவியம் முதலான கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில் வாழ்ந்துகொண்டு ஓவியமும் சிலையும் படைத்தார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். அவர்களைத் தாங்கியது அவர்களுடைய கைத்தொழில்.

சாப்பாவை ஒழித்ததும் கூட்டுறவுதான். ஓவியர் கிராமத்தை உண்டாக்கியதும் கூட்டுறவுதான்.

படகு கரைக்கு வந்தது. பாட்டி இறங்கினார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"முதல்லே அந்தக் கல்லூரிக்குப் போவோம்" என்றார். "கட்டணம் என்ன, உதவித்தொகை உண்டா, நுழைவுத் தேர்வு எப்போன்னு கேப்போம். எழுதிக் கொடுக்கச் சொல்லு. நானே படிச்சுப் பார்க்கிறேன்."

"அப்பா?"

"அவன்கிட்டே நான் பேசறேன். அவனையும் ஒரு நாள் இங்கே கூட்டிட்டு வரணும். அவங்க அப்பா மூட்டை தூக்கின இடத்தை அவன் பார்க்க வேணாமா?"

பேத்தி பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளுத்து வெளுத்துக் காய்த்துப்போன கை அது. அந்தக் கையைத்தான் முதலில் வரைய வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சிந்திப்போம், பேசுவோம்

1. உங்கள் ஊரில் சும்மா கிடக்கும் கட்டடம் உண்டா? அதை எதற்குப் பயன்படுத்தலாம்?

2. உங்கள் தொழிலில் நீங்களோ உங்கள் முன்னோரோ கண்டுபிடித்த எளிய வழி ஒன்றைச் சொல்லுங்கள்.

3. பாட்டி கேட்ட கேள்விகளில் உங்களுக்குப் பிடித்தது எது? நீங்கள் இன்னும் என்ன கேட்பீர்கள்?

4. பக்கத்தில் உள்ள கலைக் கல்லூரி எது? அங்கே பார்வையாளரை அனுமதிக்கிறார்களா? கேட்டு எழுதுங்கள்.

சொல் அறிவோம்

காயல் – கடலோடு சேர்ந்த உப்புநீர் ஏரி
சாப்பா – வேலைக்கு அடையாளமாகக் கொடுத்த உலோக வில்லை
முனையம் – சரக்கு வந்து இறங்கும் இடம்
நுண்கலை – ஓவியம், சிற்பம் போன்ற கலைகள்