மணமுழவு முதல் கெட்டிமேளம் வரை

ஒரே ஊர், ஒரே பொழுது. ஒரு வீட்டில் சாவை அறிவிக்கும் நெய்தற்பறை ஒலிக்கிறது. மற்றொரு வீட்டில் திருமணத்தை அறிவிக்கும் முழவு ஒலிக்கிறது. பக்குடுக்கை நன்கணியார் புறநானூற்றின் 194ஆம் பாடலில் காட்டும் காட்சி இது. உலகியலின் முரண்பாட்டை உணர்த்த எழுந்த பாடலாயினும், அக்கால வாழ்வைப் பற்றிய செய்தியொன்றும் அதில் கிடைக்கிறது. தெருவில் நடப்பவர் எந்த வீட்டையும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. உள்ளே நிகழ்வது இன்னதென்று ஓசையே சொல்லிவிடும். மணவீட்டிற்கென இசையைத் தேர்ந்துகொள்ளும் வழக்கம் அத்துணைப் பழமையானது.

பழைய மணவீடுகள்

அகநானூற்றின் 136ஆம் பாடல் காட்டும் திருமணத்தில் முழவும் பணையும் ஒலிக்கின்றன. சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில், கோவலன் கண்ணகி திருமணத்தின்போது முரசும் முருடும் அதிர, சங்கு முழங்குகிறது. ஆண்டாள் கனவில் கண்ட திருமணத்திலும் மத்தளமும் சங்குமே இடம்பெறுகின்றன. இன்று நாகசுரம் இல்லாத மணப்பந்தலை எண்ணிப் பார்ப்பதே கடினம். ஆயினும் இம்மூன்று இடங்களிலும் அக்கருவி இல்லை. தொன்றுதொட்டு மாறாமல் வருவதாக நாம் கருதும் மணவிசையும், காலந்தோறும் மக்கள் தேர்ந்து தேர்ந்து அமைத்துக்கொண்டதே.

பொழுதும் இராகமும்

நாகசுரமும் தவிலும் சேர்ந்த மேளம் மணவீட்டிற்கு வந்தபின், தேர்வு கருவியோடு நிற்கவில்லை. எந்தச் சடங்கில் எந்த இராகம் என்னும் நுண்ணிய அறிவும் அதனுடன் வளர்ந்தது. வைகறையில் பூபாளமும் பௌளியும் பந்தலை எழுப்பும்; வெயில் ஏறும்போது பிலகரி ஒலிக்கும். ஊஞ்சலுக்கும் நலங்கிற்கும் குறிஞ்சியும் நவரோசும் இயைந்தவை. மாலையில் மணமகனை அழைத்து வருகையில் கல்யாணி விரியும். முகாரியை மணவீட்டில் வாசிக்கத் தயங்குவர். அதனை அவலச் சுவைக்கு உரியதாகக் கொள்வது வழக்கு. முகாரியில் அமைந்த கீர்த்தனைகள் அனைத்தும் அழுகைப் பாடல்கள் அல்ல என்பதை நாகசுரக் கலைஞர் நன்கறிவார். இருப்பினும், மணவீட்டாரின் மனம் சிறிதும் கலங்கலாகாது என்பதே அவருக்கு முதன்மையானது.

இவை அனைத்தினும் அரிய பணி மங்கலநாண் பூட்டும் கணத்தில் வருகிறது. அதுவரை ஓர் இராகத்தை நிதானமாக ஆலாபனை செய்துகொண்டிருக்கும் கலைஞரின் ஒரு கண் எப்போதும் மணமேடையின் மீதே இருக்கும். மேடையிலிருந்து ஒரு கை உயர்கிறது. ‘கெட்டிமேளம்’ என்னும் குரல் எழுகிறது. அக்கணமே இராகம் நின்று, நாகசுரம் உச்சக் குரலில் விரைய, தவிலின் இரு முகங்களும் ஒருங்கே முழங்குகின்றன. வலமுகத்தில் கூடுகள் அணிந்த விரல்கள், இடமுகத்தில் கழி. தும்மலோ அழுகையோ கடுஞ்சொல்லோ எதுவும் அந்நேரத்தில் மணமக்கள் செவியில் விழலாகாது என்பதற்காகவே இப்பெருமுழக்கம் என்பர். சில நொடி பிந்தினாலும் அதன் நோக்கம் கெட்டுவிடும். ஒலிப்பதிவை இயக்கிக் கெட்டிமேளம் எழுப்பும் மண்டபங்கள் இன்று உண்டு. பதிவு செய்த ஒலி பிழையின்றி ஒலிக்கலாம். ஆனால் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் அதற்கு இல்லை.

கேட்பவரும் கலைஞரும்

கருவியின் வடிவமும் தேர்வுக்கு உட்பட்டதே. திமிரி என்னும் குட்டை நாகசுரம் உயர்ந்த சுருதி உடையது. வீதியில் நெடுந்தொலைவு கேட்கும். பாரி நாகசுரம் நீண்டது. தாழ்ந்த சுருதியில் ஆழ்ந்து ஒலிப்பது. திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளையின் (1898–1956) வேண்டுகோளுக்கு இணங்க, கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி பாரி நாகசுரத்தைச் செம்மைப்படுத்தினார். ஆச்சா மரத்தில் கடைந்தெடுக்கப்படும் நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது.

அத்தகைய கருவியை ஏந்தி வரும் கலைஞருக்கு மணவீட்டில் கிடைக்கும் இடம் யாது? பெரும்பாலும் பந்தலின் ஓரம். தோடியில் நெடுநேரம் கற்பனையை விரிக்க வல்லவரிடம், நடுவில் ஒருவர் வந்து திரைப்பாடல் ஒன்றை வாசிக்கச் சொல்வார். திரைப்பாடல் தாழ்ந்தது அன்று. ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம் ஊரெங்கும் ஒலித்தது திரையின் வழியாகவே. தவறு நேர்வது கேட்கும் முறையில்தான். மணநாளுக்குமுன் கலைஞரோடு அமர்ந்து, எப்போது எதனை வாசிப்பது எனக் கலந்து பேசும் குடும்பங்கள் மிகச் சில.

விலக்கப்பட்ட பறை

மணவிசையிலிருந்து விலக்கப்பட்ட கருவி ஒன்றும் உண்டு. நாலடியாரின் பாடலொன்று நிலையாமையைச் சொல்லும்போது, மன்றத்தில் ஒலித்த மணப்பறையே அன்றே பிணப்பறையாவதும் உண்டு என்கிறது. அன்று பறை இரு வீடுகளுக்கும் பொதுவாக இருந்தது. பின்னாளில் அது சாவுக்குரிய கருவி என ஒதுக்கப்பட்டது. அதனை முழக்கியவர்களும் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டனர். கருவியின் தோலிலோ மரச்சட்டத்திலோ அமங்கலம் ஏதுமில்லை. எந்த வீட்டின் வாயிலில், எவர் அதனை முழக்கலாம் என விதித்தவர்கள் மனிதர்களே.

அவ்விதியை மறுத்துப் பறையைக் கலைமேடைக்குக் கொண்டுவந்த குழுக்களில் இன்று பெண்களும் அடி பயின்று ஆடுகின்றனர். மணவீடுகள் சிலவும் அவர்களை அழைக்கின்றன. விழாவிற்கு முன்னர் வைக்கோல் கொளுத்திப் பறையின் தோலைக் காய்ச்சும் புகை, மண்டபத்து வாழைத் தோரணத்தின் அருகே எழுகிறது. உள்ளே நாகசுரக் கலைஞர் தம் சீவாளியை நனைத்துச் சுருதி பார்க்கிறார்.