விளையாட்டுப் பெட்டிக்கு ஒரு நல்ல குரல்

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் தேர்த் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை போனால், குதிரைச் சந்தையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஒலிபெருக்கி கட்டியிருப்பவரின் மேசையையும் சற்றுக் கவனியுங்கள். ஒருவர் மைக்கில் பேசுகிறார். கூம்புக் குழாய்களின் ஒலி ஊரெல்லாம் கேட்கிறது. திடீரென்று கரண்டு போய்விட்டால் என்ன ஆகும்? பேசுபவரின் தொண்டை அப்படியேதான் இருக்கிறது, மைக்கும் இருக்கிறது. ஆனால், குழாய்கள் ஊமையாகிவிடுகின்றன. ஊருக்குக் கேட்ட ஒலியின் ஆற்றல் அவருடைய தொண்டையிலிருந்து வரவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா? அவர் குரல் 'இப்படி ஒலி' என்று கட்டளை மட்டுமே கொடுத்தது. ஆற்றலைக் கொடுத்தது மின்சாரம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவோம். டி.வி.யோடு வீடியோ கேம் பெட்டியை இணைத்து விளையாடுகிறீர்கள். படம் அழகாக இருக்கிறது. ஒலியோ தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. காரணம், இன்றைய தட்டை டி.வி.க்களில் ஒலிபெருக்கிக்கு இடமே இல்லை. சிறிய கூம்பு ஒன்று கீழ்நோக்கியோ பின்நோக்கியோ ஒளிந்துகொண்டிருக்கும். தாழ்ந்த சுருதியை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே அளவு உரக்கக் கேட்க, அதே கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். சின்னக் கூம்பால் அது முடியாது. ஆகவே வெடிச் சத்தம் பட்டாணி வெடிப்பதுபோல் கேட்கிறது.

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி சும்மா கிடந்தால் அதைப் பயன்படுத்தலாமே! ஆனால், கம்ப்யூட்டர் ஸ்பீக்கரும் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய வெறும் ஸ்பீக்கரும் ஒன்றல்ல. சிலர் பின்னதை எடுத்து, கேம் பெட்டியின் ஒலிக் கம்பிகளில் நேரடியாக முறுக்கிப் பார்க்கிறார்கள். காதை வைத்தால் ஏதோ முனகல் கேட்கும். சில பெட்டிகள் பழுதாகவும் கூடும். ஏன்?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுக்க 2 வோல்ட்டும் அரை ஆம்பியரும் வேண்டும். கேம் பெட்டியின் ஒலித்துளையில் சாதாரணமாகக் கிடைப்பது ஏறத்தாழ 0.3 வோல்ட். அதை 10,000 ஓம் தடையுள்ள உள்ளீட்டில் இணைத்தால் ஓடும் மின்னோட்டம் 0.00003 ஆம்பியர்தான், ஆற்றல் ஒரு வாட்டின் லட்சத்தில் ஒரு பங்கு! இது கட்டளை மட்டுமே. வரட்டுப்பள்ளம் அணையின் மதகை ஒருவர் திருகித் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் பாயும் நீரின் வேகம் அவர் கை வலிமையா? நீர் அணையினுடையது, கை அதை அளவுபடுத்துகிறது. கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்குள் இருக்கும் பெருக்கி இந்த மதகின் வேலையைச் செய்கிறது. அதனால்தான் அதற்குத் தனியாக ஒரு மின்கம்பி இருக்கிறது. இந்த ஏற்பாடு புதியதன்று. ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர்கள் இன்றைய ஸ்பீக்கரின் முன்னோடியை 1925இல் வெளியிட்டார்கள். மறு ஆண்டே அது பெருக்கியையும் உள்ளே வைத்த ஒரே பெட்டியாக, ரேடியோலா 104 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

இனி இணைப்பு. பழைய பெட்டிகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பின்கள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, அதை டி.வி.யிலேயே விட்டுவிடுங்கள். வெள்ளை இடப்பக்க ஒலி, சிவப்பு வலப்பக்க ஒலி. இவ்விரண்டையும் 3.5 மில்லிமீட்டர் ஸ்பீக்கர் பின்னோடு சேர்க்கும் இணைப்பான் கடைகளில் கிடைக்கும். தப்பித் தவறி மஞ்சளைச் சொருகினால் 'ர்ர்ர்' என்ற இரைச்சல் வரும். நம் நாட்டு முறைப்படி படம் நொடிக்கு 50 முறை எழுதப்படுவதை நீங்கள் காதால் கேட்கிறீர்கள்!

வெள்ளைப் பின் மட்டுமே உள்ள பெட்டிகளும் உண்டு. ஜப்பானில் 1983இல் வந்த ஃபேமிகாமைப் பார்த்துச் செய்து, பிறகு நம் ஊர்களில் விற்ற பெட்டிகளில் பல அப்படிப்பட்டவை. நேராக இணைத்தால் இடப்பக்கம் மட்டும் பாடும். ஒரு கம்பியை இரண்டாகப் பிரிக்கும் இணைப்பான் போட்டால் இரண்டும் பாடும். ஒன்றை இப்படி இரண்டாகப் பிரிக்கலாம். ஆனால், வெள்ளையையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிவிடாதீர்கள். இரண்டு வெளியீடுகளும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும்.

படமும் ஒலியும் ஒரே எச்.டி.எம்.ஐ. கம்பியில் போகும் புதிய பெட்டியா? டி.வி.யில் ஹெட்போன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் ஸ்பீக்கர் பின்னைச் சொருகினால் போதும். டி.வி.யின் ஒலியளவைச் சற்றுக் கூட்டியும், ஸ்பீக்கரின் திருகைக் குறைத்தும் தொடங்குங்கள். கம்பி வழியில் சேரும் இரைச்சல் அதிகம் பெருகாது. தொடர்ந்து 'ம்ம்ம்' என்ற ஓசை வந்தால், எல்லாவற்றையும் ஒரே பலகையில் சொருகிப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் எக்காரணத்துக்காகவும் வெட்டக் கூடாது. எந்தப் பெட்டியின் மூடியையும் திறக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகே கம்பிகளைச் சொருகுங்கள்.

புதிதாக வாங்குகிறீர்களா? அட்டைப்பெட்டியில் 'பி.எம்.பி.ஓ. 1000 வாட்' என்று அச்சிட்டிருந்தால் மயங்காதீர்கள். சாதாரண யு.எஸ்.பி. துளையில் கிடைப்பது 5 வோல்ட், அரை ஆம்பியர். பெருக்கினால் இரண்டரை வாட். அதிலிருந்து மட்டுமே மின்சாரம் எடுக்கும் ஸ்பீக்கர் தொடர்ந்து அதற்கு மேல் எங்கிருந்து கொடுக்கும்?

கம்பியில்லா புளூடூத் ஸ்பீக்கர் வசதிதான். ஆனால், சிலவற்றில் ஒலி 0.2 நொடி பிந்தி வரும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், 68 மீட்டர் தள்ளி நின்று தேருக்கு முன் அடிக்கும் மேளத்தைக் கேட்பதற்கு இது சமம். கோல் விழுவது முன்னே தெரியும்; ஓசை பின்னே வரும். பாட்டுக் கேட்க இதனால் குறைவில்லை. எதிரியின் காலடி கேட்டுத் தாவ வேண்டிய விளையாட்டுக்கு உதவாது.

அந்த வெறும் ரேடியோ ஸ்பீக்கரைத் தூக்கி எறியாதீர்கள். அதற்கென்று உள்ள பெருக்கியில் இணைத்து, கையில் பிடித்தபடி பாட்டு வையுங்கள். பிறகு, பெரிய அட்டை ஒன்றில் கூம்பின் அளவுக்கு வட்டத் துளை வெட்டி, அதன் பின்னால் அழுத்திப் பிடியுங்கள். தவிலின் அடி திடீரென்று கனத்துக் கேட்கும். கூம்பு முன்னால் காற்றை நெருக்கும்போது பின்னால் தளர்த்துகிறது; தடுப்பு இல்லாவிட்டால் இரண்டும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் இந்த அட்டையின் வேலையைச் செய்வது அதன் பெட்டிதான்.